டவர் ஸ்பீக்கரைக் கல்லின் மேல் ஏற்றினால் முழக்கம் குறையுமா?

கேள்வி: 7 ஜூலை 2024

எங்கள் ஹால் 16-க்கு 11 அடி. தரை விட்ரிஃபைடு டைல்ஸ், சுவர் செங்கல். டவர் ஸ்பீக்கர்கள் இரண்டும் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நிற்கின்றன. சோஃபா எதிர்ச்சுவரை ஒட்டிக் கிடக்கிறது. மிருதங்கத்தின் தொப்பி (கனத்த ஒலி தரும் இடப்பக்கம்) அடி வீடு முழுவதும் முழங்குகிறது. பாடுகிறவரின் குரலோ மெலிந்து, எங்கோ பின்னால் நின்று பாடுவதுபோல் கேட்கிறது. ஸ்பீக்கர்களை 4 அங்குலம் உயர்த்திக் கல்லின் மேல் வைத்தால் முழக்கம் அடங்கிவிடும் என்று நண்பர் அடித்துச் சொல்கிறார். கிரானைட் கடையில் கல் வெட்டச் சொல்வதற்கு முன் அனுபவமுள்ளவர்களிடம் கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன்.

7 ஜூலை 2024, இரவு

உயர்த்துங்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் நானும் அதையே செய்தேன். ஸ்பீக்கர் ஒன்றுக்கு இரண்டு கடப்பாக்கல் பலகைகள், ஒன்றின் மேல் ஒன்றாக, மொத்தம் 8 செ.மீ. உயரம். அன்று மாலையே முழக்கம் கண்கூடாகக் குறைந்தது. கிரானைட் தேவையில்லை, கடப்பாக்கல்லே போதும்.

9 ஜூலை 2024

முன்பு எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். தயவுசெய்து இன்னும் கல் வாங்க வேண்டாம்.

கல் வைத்த அந்த நாளை மீண்டும் நினைத்துப் பார்த்தேன். என் ஸ்பீக்கர்களுக்குப் பின்னால் தரை தொடும் திரைச்சீலை ஒன்று இருந்தது. அது கல்லுக்கடியில் மாட்டிக்கொள்ளக்கூடாது என்பதற்காக, கல்லோடு சேர்த்து ஸ்பீக்கர்களையும் முன்னே இழுத்து வைத்தேன். எவ்வளவு இழுத்தேன் என்று அப்போது அளக்கவில்லை. ஆகவே ஒரே மாலையில் இரண்டு மாற்றங்கள் நடந்திருக்கின்றன, பலனை மட்டும் கல்லின் கணக்கில் எழுதிவிட்டேன். இரண்டு ஆண்டுகளாகப் பலருக்கும் இதையே சொல்லி வந்திருக்கிறேன் என்பது மனத்தை உறுத்துகிறது. ஞாயிற்றுக்கிழமை கற்களை இறக்கிவிட்டு, ஒவ்வொரு மாற்றத்தையும் தனித்தனியாகச் செய்து, மைக் வைத்து அளந்து எழுதுகிறேன்.

14 ஜூலை 2024

அளந்தாயிற்று. முதலில் அறையைச் சொல்லிவிடுகிறேன். சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் படுக்கையறை அது, நீளம் 4.8 மீட்டர், அகலம் 3.4, உயரம் 2.9. நான்கு பக்கமும் மூடிய அறை. மூன்று வழி டவர் ஸ்பீக்கர், அதாவது கூர் ஒலிக்கு ட்வீட்டர், நடு ஒலிக்கு மிட்ரேஞ்ச், தாழ் ஒலிக்கு வூஃபர் என்று வேலையைப் பிரித்துக்கொள்ளும் பெட்டி. தரையிலிருந்து ட்வீட்டர் 98 செ.மீ., மிட்ரேஞ்ச் 84, மேல் வூஃபர் 55, கீழ் வூஃபர் 32. அமர்ந்தால் என் காது 92 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. அளப்பதற்கு யூமிக்-1 என்ற அளவீட்டு மைக், இலவசமாகக் கிடைக்கும் ரூம் ஈக்யூ விஸார்ட் மென்பொருள். மைக்கைக் காது இருக்கும் இடத்தில் ஸ்டாண்டில் நிறுத்தி, தரையில் மாஸ்கிங் டேப் ஒட்டி ஒவ்வொரு நிலையையும் குறித்துக்கொண்டேன்.

பழைய நிலையில் தொடங்கினேன். கல் இல்லை, ஸ்பீக்கரின் முன்முகம் சுவரிலிருந்து 60 செ.மீ. எந்த அதிர்வெண் எவ்வளவு உரக்க வருகிறது என்று காட்டும் வளைகோட்டில் இரண்டு குறைகள் பளிச்சென்று தெரிந்தன. 73 ஹெர்ட்ஸில் ஒரு மேடு, 145 ஹெர்ட்ஸை ஒட்டி 9 டெசிபல் ஆழத்தில் ஒரு பள்ளம்.

அடுத்து, இடத்தை அசைக்காமல் கல்லை மட்டும் வைத்தேன். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே பழைய கோடும் புதிய கோடும் ஒன்றன் மேல் ஒன்று படிந்தன. எங்கும் 1 டெசிபல் வேறுபாடுகூட இல்லை. மேடு இருந்த இடத்திலேயே இருந்தது.

பிறகு கல்லை எடுத்துவிட்டு, முன்முகம் சுவரிலிருந்து 1 மீட்டர் வரும்படி ஸ்பீக்கர்களை இழுத்தேன். மேடு 7 டெசிபல் இறங்கிவிட்டது. 145 ஹெர்ட்ஸ் பள்ளமும் அங்கிருந்து மறைந்தது.

காரணம் இதுதான். சென்னையில் 30 பாகை வெப்பத்தில் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 349 மீட்டர். அதை அறை நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் 36 ஹெர்ட்ஸ் வருகிறது. இது நீளவாக்கில் அமையும் முதல் ‘நிலை அலை’, அதாவது எதிரெதிர்ச் சுவர்களில் மோதித் திரும்பும் ஒலி ஓரிடத்தில் நிலைத்து நிற்பதுபோல் அமைவது. இரண்டாவது அதன் இரு மடங்கு, 73 ஹெர்ட்ஸ். இந்த இரண்டாவது அலையின் அழுத்தம் சுவரோரத்தில் உச்சமாகவும், அறை நீளத்தின் கால் பங்கில், அதாவது என் அறையில் 1.2 மீட்டரில், சுழியாகவும் இருக்கும். வூஃபர் அந்தச் சுழிப் புள்ளியை நெருங்க நெருங்க அதனால் அந்த அலையைத் தூண்ட முடியாமல் போகிறது. 60 செ.மீ.-யிலிருந்து 1 மீட்டருக்கு நகர்ந்தால் 8 டெசிபலுக்குச் சற்று மேல் குறைய வேண்டும் என்று கணக்கு சொல்கிறது, மைக் 7 காட்டியது. காகிதத்தில் போட்ட கணக்கும் டைல்ஸ் மேல் நிற்கும் பெட்டியும் இவ்வளவு நெருங்கி ஒத்துப்போவதைக் கண்டு நெடுநேரம் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே கேட்டவருக்கு நேரான பதில்: தொப்பி முழக்கத்துக்கு மருந்து தூரத்தில் இருக்கிறது, உயரத்தில் இல்லை. உங்கள் சோஃபா சுவரை ஒட்டியிருப்பதும் அதே நோயின் மறுபாதி, ஏனென்றால் நீளவாக்கில் உள்ள எல்லா நிலை அலைகளும் அந்தச் சுவரோரத்தில் உச்சத்தில் இருக்கும். சோஃபாவை 2 அடியாவது முன்னே கொண்டுவாருங்கள். அந்த மாற்றத்துக்குக் காசு செலவில்லை.

15 ஜூலை 2024

தூரம் என்று நான் சொல்வதெல்லாம் சுவரிலிருந்து ஸ்பீக்கரின் முன்முகம் வரை உள்ள தூரம். பெட்டியின் முதுகிலிருந்து அளந்தால் கணக்கு தவறும்.

20 ஜூலை 2024

145 ஹெர்ட்ஸ் பள்ளத்தைப் பற்றி அன்று போதுமான அளவு எழுதவில்லை. குரல் மெலிந்து கேட்கிறது என்று கேள்வியில் இருந்த வரிக்கு விடை அதில்தான் இருக்கிறது.

பேஸ் எனப்படும் தாழ் ஒலி டார்ச் வெளிச்சம்போல் முன்னே மட்டும் செல்வதில்லை, பெட்டியைச் சுற்றிப் பின்னாலும் பரவுகிறது. பின்னே சென்றது சுவரில் பட்டுத் திரும்பி வரும்போது, முன்முகத்துக்கும் சுவருக்கும் இடையிலுள்ள தூரம் அலைநீளத்தில் கால் பங்காக இருந்தால், நேரே வரும் ஒலியும் திரும்பி வரும் ஒலியும் எதிரெதிராக நின்று ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. 60 செ.மீ.-க்கு அந்த அதிர்வெண் 145 ஹெர்ட்ஸ்.

இரண்டு கட்டைச் சுருதியில் பாடும் ஆண் குரலின் மத்திய ஸ்தாயி சட்ஜம் 147 ஹெர்ட்ஸ். அதாவது, பாடகர் எந்த ஸ்வரத்தில் வந்து நிற்கிறாரோ, தம்புராவின் சாரணித் தந்திகள் எந்த ஸ்வரத்தை ஓயாமல் மீட்டுகின்றனவோ, அந்த ஸ்வரத்தின் அடிப்படை அதிர்வெண்ணையே சுவர் விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறது. நேற்று இரண்டு கட்டைக் கச்சேரிப் பதிவு ஒன்றை இரண்டு நிலைகளிலும் கேட்டேன். பழைய நிலையில், பாடகர் சட்ஜத்தில் இறங்கும் ஒவ்வொரு முறையும் குரலின் உடல் கரைந்து மூக்கொலி மட்டும் மிஞ்சியது. 1 மீட்டர் நிலையில் அதே சட்ஜம் நெஞ்சிலிருந்து எழுந்து தம்புராவோடு கலந்து நின்றது. பதிவின் குறை என்று இத்தனை காலம் நான் ஒதுக்கி வைத்திருந்த பதிவு அது.

உங்கள் ஹாலில் ஒரு சாண் இடைவெளியும் பெட்டியின் ஆழம் ஏறத்தாழ ஓர் அடியும் சேர்ந்து 53 செ.மீ. என்று கொண்டால், பள்ளம் 165 ஹெர்ட்ஸ் பக்கம் விழும். அதுவும் ஆண் குரலின் நடுப்பகுதிதான். பெண் குரலில் ஐந்து கட்டைச் சட்ஜம் 196 ஹெர்ட்ஸ் என்பதால் அதற்கு இந்தப் பாதிப்பு இவ்வளவு இராது.

ஒன்றை மறைக்கக்கூடாது. ஸ்பீக்கரை இழுத்ததால் பள்ளம் ஒழிந்துபோகவில்லை, இடம் மாறியது. இப்போது அது 87 ஹெர்ட்ஸில் இருக்கிறது, ஆழம் 5 டெசிபல். நான் கேட்கும் இசைக்கு அது அங்கே இருப்பது எவ்வளவோ மேல்.

21 ஜூலை 2024

உயரத்துக்கும் பேஸுக்கும் தொடர்பே இல்லை என்று நான் சொன்னதாக ஒருவர் எடுத்துக்கொண்டு, என்னைத் திருத்தி எழுதியிருக்கிறார். அவர் சொல்வது சரி. அமெரிக்க ஸ்பீக்கர் வடிவமைப்பாளர் ராய் அலிசன் 1974-இல் வெளியிட்ட ஆய்வின் சாரம் இது: வூஃபரிலிருந்து தரை, பின்சுவர், பக்கச்சுவர் ஆகிய மூன்றுக்கும் உள்ள தூரங்கள் ஒன்றுபோல் இருந்தால், மூன்று பள்ளங்களும் ஒரே இடத்தில் கூடி ஆழமாகிவிடும். என் பழைய நிலையில் மேல் வூஃபர் தரையிலிருந்து 55 செ.மீ., பின்சுவரிலிருந்து 60 செ.மீ. இரண்டும் ஏறத்தாழ ஒன்று. 9 டெசிபல் ஆழத்துக்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும். இப்போது 55, 100, பக்கச்சுவர் 75 என்று மூன்றும் விலகி நிற்கின்றன. நீங்களும் மூன்று அளவுகளையும் தாளில் எழுதிப் பாருங்கள்.

28 ஜூலை 2024

அப்படியானால் உயரத்தால் எது மாறுகிறது? இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் இதற்கே போயின.

முதலாவது, தரையில் பட்டு வரும் ஒலி. மிட்ரேஞ்ச் 84 செ.மீ., காது 92 செ.மீ., நடுவே 3 மீட்டர். நேரே வருவதைவிடத் தரையில் பட்டு வரும் ஒலி ஏறத்தாழ 48 செ.மீ. கூடுதலாகப் பயணம் செய்கிறது. அதன் விளைவு 366 ஹெர்ட்ஸில் ஒரு பள்ளம். கல் வைத்தால் பள்ளம் 336-க்கு இறங்குகிறது, அவ்வளவுதான். 8 செ.மீ. கல் கொடுத்தது 30 ஹெர்ட்ஸ் இடமாற்றம். வூஃபரைத் தரையருகே வைத்து, 400 ஹெர்ட்ஸுக்கு மேல் வேலையை மிட்ரேஞ்சிடம் ஒப்படைக்கும் மூன்று வழிப் பெட்டிகளின் நோக்கமும் இங்கே புரிகிறது. என் இரண்டு வூஃபர்களின் தரைப் பள்ளங்கள் 550-க்கும் 930-க்கும் அருகே விழுகின்றன. அந்த அதிர்வெண்களில் வூஃபர்கள் பெரும்பாலும் ஓய்ந்துவிட்டிருக்கும். அப்படிப்பட்ட பெட்டியைக் கல்லில் ஏற்றுவது வடிவமைத்தவர் யோசித்து வைத்த உயரத்தைக் கலைப்பதாகும்.

தரையில் ஒலி எங்கே படுகிறது என்று பார்க்க, கண்ணாடியைத் தரையில் படுக்க வைத்து, நாற்காலியில் அமர்ந்தபடி மிட்ரேஞ்ச் அதில் தெரியும் வரை மகளை நகர்த்தச் சொன்னேன். ஸ்பீக்கரிலிருந்து 1.4 மீட்டரில் தெரிந்தது. அந்த இடத்தில் பவானி ஜமுக்காளத்தை விரித்து அளந்தேன், 366 ஹெர்ட்ஸ் பள்ளம் அசையவில்லை. மேலே ட்ரெபிள் எனும் கூர் ஒலிப் பகுதியில் மட்டும் சற்று மென்மை வந்தது. பிறகு இலவம்பஞ்சு மெத்தையை இரண்டாக மடித்து, ஏறத்தாழ 20 செ.மீ. தடிமனில் அதே இடத்தில் போட்டேன். பள்ளம் பாதியாகக் குறைந்தது. 366 ஹெர்ட்ஸின் அலைநீளத்தில் கால் பங்கு 24 செ.மீ. என்பதால் மெல்லிய விரிப்பால் அதைத் தொட முடியாது. நடமாடும் அறையின் நடுவே மெத்தையைப் போட்டு வைக்கவும் முடியாது. ஆகவே இந்தப் பள்ளத்தோடு வாழ்கிறேன். உண்மையில் காது இதைப் பெரிதாகப் பொருட்படுத்துவதும் இல்லை, பேசும் மனிதர்களின் குரலையும் நாம் தரையின் எதிரொலியோடு சேர்த்துத்தானே கேட்டு வளர்ந்திருக்கிறோம்.

இரண்டாவதுதான் முக்கியம்: ட்வீட்டரும் மிட்ரேஞ்சும் சேரும் இடம். என் பெட்டியில் அவை 14 செ.மீ. இடைவெளியில் உள்ளன, 2800 ஹெர்ட்ஸில் கைமாறுகின்றன. அங்கே அலைநீளம் 12.5 செ.மீ. மட்டுமே. காது மேலோ கீழோ விலகினால் இரண்டு டிரைவர்களிலிருந்தும் வரும் தூரங்கள் மாறி, ஒலி ஒன்றையொன்று தின்னத் தொடங்கும். நாற்காலியிலிருந்து எழுந்து நின்றால் காது 60 செ.மீ.-க்கு மேல் உயர்கிறது, கோணம் 12 பாகையைத் தாண்டுகிறது; அந்த அதிர்வெண்ணில் ஏறத்தாழ 3 டெசிபல் போய்விடும். வயலின் ஓடிக்கொண்டிருக்கும்போது மெல்ல எழுந்து நின்று பாருங்கள், வில் தந்தியில் உரசும் அந்த மெல்லிய ஓசை மங்குவது மைக் இல்லாமலே தெரியும்.

சுருங்கச் சொன்னால், கேள்வி கேட்டவரின் ட்வீட்டர் தரையிலிருந்து எத்தனை செ.மீ., சோஃபாவில் அமர்ந்தால் காது எத்தனை செ.மீ. என்பது தெரியாமல் கல் வேண்டுமா என்று யாரும் சொல்ல முடியாது. என்னுடையதில் ட்வீட்டர் ஏற்கெனவே காதுக்கு மேல் 6 செ.மீ. இருந்தது, கல் வைத்து அதை 14 ஆக்கினேன். இரண்டு ஆண்டுகள் தவறான உயரத்தில் கேட்டிருக்கிறேன்.

4 ஆகஸ்ட் 2024

கல்லை எடுக்காமலே, ட்வீட்டர் காதை நோக்கும்படி பெட்டியை முன்னோக்கிச் சாய்த்தால் போதாதா என்று கேட்கிறார்கள். அதையும் முயன்றேன், ஒரு டைல் போயிற்று.

பெட்டியின் அடியில் திருகியிருக்கும் கூர்முனைக் கால்கள்தான் ஸ்பைக். முன் ஸ்பைக்குக்கும் பின் ஸ்பைக்குக்கும் இடையே 28 செ.மீ. என்று கொண்டால், ட்வீட்டரின் நோக்கை 3 மீட்டரில் 14 செ.மீ. இறக்க, பின்பக்கத்தை 13 மி.மீ. உயர்த்த வேண்டும். ஸ்பைக் அவ்வளவு நீளம் வெளியே வராததால் அதன் கீழே ஐந்து ரூபாய் நாணயங்களை அடுக்கினேன். வலப்பக்க ஸ்பீக்கரைச் சிறிது திருப்பும்போது அடுக்கு சரிந்தது. ஸ்பைக் முனை முதலில் கல்லில் கோடு கிழித்து, பிறகு கல்லின் விளிம்பைத் தாண்டி டைல் மேல் இறங்கியது. பெட்டியைத் தோளால் தாங்கிவிட்டேன், ஆனால் டைலில் பொரிகடலை அளவுக்கு ஒரு சில்லு பெயர்ந்துவிட்டது. 25 கிலோ எடையும் ஒரு புள்ளியில் நின்றால் அப்படித்தான் ஆகும். குழந்தைகள் நடமாடும் வீட்டில் கல், நாணயம், சாய்வு மூன்றும் சேரவே கூடாது என்று அழுத்திச் சொல்கிறேன்.

அன்றே கடப்பாக்கற்களை இறக்கிவிட்டேன். கல் இல்லாமல் இறக்க வேண்டியது 6 செ.மீ. மட்டுமே, அதற்குப் பின்பக்கம் 5.6 மி.மீ. உயர்ந்தால் போதும். ஸ்பைக் எம்8 திருகு, ஒரு சுற்றுக்கு 1.25 மி.மீ. ஆக, பின் ஸ்பைக்குகள் நாலரைச் சுற்று. குழிவுள்ள பித்தளைத் தட்டுகளில் ஸ்பைக்கை உட்கார வைத்திருக்கிறேன். கான்கிரீட் தரையில் ஸ்பைக்கால் ஒலியே மாறிவிடும் என்று சொல்லப்படுவதை என் காதோ மைக்கோ உறுதிப்படுத்தவில்லை. மட்டம் பார்க்கவும் சாய்க்கவும் அது நல்ல கருவி.

11 ஆகஸ்ட் 2024

தங்கள் வீட்டில் எல்லோரும் பாயில் அமர்ந்து சுவரில் சாய்ந்தபடிதான் கேட்கிறோம் என்று எழுதியவருக்கு. தரையில் அமர்ந்தால் காது ஏறத்தாழ 70 செ.மீ.-தான் இருக்கும். உங்களுக்குக் கல் கூடவே கூடாது. சாய்ந்திருக்கும் சுவரை விட்டு ஒரு முழமாவது முன்னே வந்து அமர்ந்தால் தொப்பியின் பருமன் குறையும். முதுகுக்குத் திண்டு போட்டுக்கொள்ளலாம். என் அம்மாவும் பாயில் அமர்ந்து கேட்பவர். அவர் வரும் நாள்களில் ஸ்பீக்கரைத் தொடுவதில்லை, மூன்று மீட்டருக்குப் பதில் மூன்றரை மீட்டர் தள்ளிப் பாயை விரிக்கிறேன், கோணம் சிறிதாகிவிடுகிறது.

18 ஆகஸ்ட் 2024

ஆடியோ கேபிள் தயாரிப்பாளர் ஜார்ஜ் கார்டாஸ் தரும் விகிதத்தைப் பின்பற்றலாமா? வூஃபரின் மையம் பக்கச்சுவரிலிருந்து அறை அகலத்தில் 0.276 பங்கு, பின்சுவரிலிருந்து அதே அகலத்தில் 0.447 பங்கு என்பது அது. என் அறைக்கு 94 செ.மீ., 1.52 மீட்டர் என்று வருகிறது. ஒரு மாலை முழுவதும் அப்படி வைத்துக் கேட்டேன். ஸ்பீக்கர்களுக்குப் பின்னே விரிந்த ஆழம் அற்புதமாக இருந்தது, பாடகருக்கும் பின்பாட்டுக்கும் நடுவே இடைவெளி தெரிந்தது. ஆனால் பீரோவைத் திறக்க முடியவில்லை. தனி அறை உள்ளவர்கள் கட்டாயம் முயன்று பாருங்கள்.

வெளிநாட்டு ஆலோசனைகளைப் படிக்கும்போது ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். வட அமெரிக்க வீடுகளில் பெரும்பாலும் மரச்சட்டத்தில் அறைந்த ஜிப்சம் பலகைதான் சுவர். அது பேஸ் ஒலிக்கு அசைந்து கொடுத்து ஒரு பங்கை உறிஞ்சிவிடும். நம் 9 அங்குலச் செங்கல் சுவரும் கான்கிரீட் கூரையும் அசைவதில்லை, வந்ததை அப்படியே திருப்பி அனுப்புகின்றன. அங்கே 50 செ.மீ. போதும் என்று எழுதியிருந்தால் இங்கே அது போதாமல் போக வாய்ப்பு அதிகம்.

25 ஆகஸ்ட் 2024

கேள்வி கேட்டவர் அளந்து எழுதியிருக்கிறார். ட்வீட்டர் 84 செ.மீ., காது 96 செ.மீ. ஸ்பீக்கரை 35 செ.மீ. முன்னே இழுத்து, சோஃபாவையும் 2 அடி நகர்த்தியதில் தொப்பி அடங்கி, குரலுக்கு உடல் வந்துவிட்டதாம். மகிழ்ச்சி. அவருடைய பெட்டியில்தான் உயரம் உண்மையிலேயே குறைவு. ஆகவே அவருக்கு முன்பக்க ஸ்பைக்குகளைச் சற்று வெளியே திருகி, பெட்டியை மிக இலேசாகப் பின்னோக்கிச் சாய்க்கச் சொல்கிறேன், என்னுடையதற்கு நேர் எதிர். அது போதாவிட்டால் மட்டும் கல், அதுவும் பெட்டியின் அடிப்பாகத்தைவிட எல்லாப் பக்கமும் இரண்டு விரற்கடை அகலமான ஒற்றைக் கல். அவர் ஹாலின் ஒரு பக்கம் சாப்பாட்டு அறைக்குத் திறந்திருப்பதால் இடமும் வலமும் பேஸ் சமமாக இராது. திறந்த பக்கத்து ஸ்பீக்கரை மட்டும் சுவரை நோக்கிச் சில செ.மீ. தள்ளிக் கேட்டுப் பார்க்கலாம்.

25 ஆகஸ்ட் 2024, இரவு

4 ஆகஸ்ட் குறிப்பில் ஸ்பைக்குகளுக்கு இடையே 28 செ.மீ. என்று எழுதியது தவறு. அது பெட்டியின் அடிப்பாக நீளம். இன்று டேப் வைத்து அளந்தால் ஸ்பைக் மையத்திலிருந்து மையம் 26 செ.மீ.-தான். உயர்த்த வேண்டியது 5.2 மி.மீ., நான்கு சுற்றுக்குச் சற்று மேல். இரண்டு பெட்டிகளிலும் பின் ஸ்பைக்குகளை அரைச் சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாக உள்ளே திருகி வைத்துவிட்டேன்.